வாடல் மேடம்

தக்காளிச் செடி பச்சைப் பசேலென்று நிற்கும்போதே திடீரெனத் தலை தொங்கிச் சாகிற நோய்க்கு வாடல் என்று பெயர். அந்த நோயின் ஆராய்ச்சியையே பிடித்துத் தொங்கியதால், வேளாண் பல்கலைக்கழகத்தில் அந்த ஆசிரியைக்கு 'வாடல் மேடம்' என்று பட்டம் சூட்டியிருந்தார்கள் மாணவர்கள். அப்போது அவர் வேலை தற்காலிகம்தான்.

வாடலுக்குக் காரணம் பூஞ்சை என்பது துறைத்தலைவர் வாக்கு. அதற்கு மறுபேச்சு கிடையாது. விவசாயிகளும் வாளி வாளியாகப் பூஞ்சை மருந்து ஊற்றிப் பார்த்தார்கள். ம்ஹூம், ஒரு செடியும் பிழைக்கவில்லை.

ஒருநாள் ஆய்வகத்தில், கிருமி வளர்க்கும் கூழ் காய்ச்ச மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பாக்டீரியா மண்டாமலிருக்க அதில் கொஞ்சம் ஆன்டிபயாட்டிக் கலப்பது அங்கே காலங்காலமான வழக்கம். கலக்கப்போன கை அப்படியே நின்றுவிட்டது. பாக்டீரியாவை நாமே கொன்றுவிட்டு, பூஞ்சை மட்டும்தான் இருக்கிறது என்று இத்தனை வருஷம் சாதித்தோமா! தலையில் அடித்துக்கொண்டார்.

மருந்து கலக்காத கூழில், வாடிய தண்டிலிருந்த கிருமியை வளர்த்தார். தட்டு முழுக்கப் பாக்டீரியா.

தலைவருக்குச் சுருக்கென்றது. "சுத்தமில்லாம வேலை பார்த்தா கண்டதும்தான் வளரும். இதை நல்ல செடியில ஏத்திக் காட்டுங்க. வாடலைன்னா அடுத்த வருஷம் உங்களுக்கு இங்க வேலை இல்ல."

"காட்டுறேன் சார்."

பசுமைக்குடிலில் ஒரு வரிசைச் செடிகளுக்குத் தன் பாக்டீரியாவை ஏற்றினார். அடுத்த வரிசைக்குத் தலைவரின் பூஞ்சை. நாட்கள் போயும் இரண்டு வரிசையும் ஜம்மென்று நின்றன. அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வீட்டுக்காரர் வேறு தினமும், "இன்னைக்காவது செத்துச்சா?" என்று அக்கறையாக விசாரித்தார்.

ஒரு காலையில் பாக்டீரியா வரிசை மொத்தமாகத் தலை தொங்கிக் கிடந்தது. பூஞ்சை வரிசை பூத்து நின்றது!

"செத்துடுச்சு! எல்லாம் செத்துடுச்சு!" என்று கத்திக்கொண்டே நடைபாதையில் ஓடினார். காவலாளி பதறிப்போய், "ஐயோ, யாரும்மா?" என்றார். அவரைக் கட்டிப்பிடிக்காத குறைதான்.

வேலை நிரந்தரமானது, நோய் தாங்கும் தக்காளி ரகம் வயலுக்குப் போனது, பிற்பாடு துறைக்கே அவர் தலைவியானது எல்லாம் அப்புறம் வந்தவை. அவற்றையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது அன்றைய பிற்பகல் வகுப்பு.

அவர் உள்ளே நுழைந்தபோது, துறைத்தலைவர் கடைசி பெஞ்சில் மாணவர்களோடு உட்கார்ந்திருந்தார். எழுந்து நின்று சொன்னார்:

"வாடலுக்குப் பூஞ்சைதான் காரணம்னு நான் சொன்னதை இவங்க நோட்டுல அடிச்சிடட்டும். நீங்க சொல்லுங்க மேடம், நானும் எழுதிக்கிறேன்."