நோய் விசாரிக்க வந்தவர்கள் குடித்த பால்

எனக்கு சயரோகம் என்று தெரிந்த அன்று கிளினிக்கில் ஊசி போட்டதோடு விடவில்லை. சாப்பாட்டைப் பற்றியும் நெடுநேரம் பேசினார்கள். பேசியவர் கிளினிக்குக்குப் பொறுப்பாயிருந்த யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர். முட்டை, ஈரல், மீன், பால் என்று அவர் அடுக்க அடுக்க எனக்கு வாயூறியது. பாண் ரொட்டிக்கே கியூவில் நின்ற காலம் அது. ஈரல் எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். சந்தைக்குப் போவது தன் உத்தியோகமில்லை என்பதுபோல் பார்த்தார். கடைசியில் நோயாளிக்கென்று ஒரு பால்மா டின்னைக் கொடுத்து, அடுத்த முறை வரும்போது எடை ஏறியிருக்காவிட்டால் தூரத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவோம் என்றார்.

என் மனைவிக்குத் தலைப்பிள்ளை வயிற்றில் இருந்தது. பிறந்ததும் அதன் காதில் தொழுகை அழைப்பான பாங்கை நான்தான் சொல்ல வேண்டும். அந்த ஆசை ஒன்றுக்காகத்தான் அத்தனை ஊசியையும் பொறுத்துக்கொண்டேன்.

ஆனால் எங்கள் வீடு பலாபத்வலையில் பெருவழியோரம். பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்களெல்லாம் நோய் விசாரிக்க வந்தார்கள். நோயாளியைப் பார்ப்பது நன்மை. பார்க்க வந்தவர்களுக்குப் பால் தேத்தண்ணி கொடுப்பது எங்கள் மானம். ஊரெல்லாம் பாலில்லாமல் குடிக்கும்போது, நன்மையும் பாலும் ஒரே வாசலில் கிடைத்தால் யார்தான் வரமாட்டார்கள்? நோய்க்குப் பயந்து யாரும் உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. கோப்பையை வெந்நீரில் கழுவச் சொல்லி, முற்றத்தில் நின்றே குடித்தார்கள்.

பக்கத்து வீட்டு விறகுக்கடைக்காரர் ஒருநாளும் தவறவில்லை. கோப்பையை உறிஞ்சிவிட்டுச் சொல்வார்: "பாலை மட்டும் விட்டுடாதீங்க மகன். ஒங்களுக்கு அதுதான் மருந்து."

வெறுந்தேத்தண்ணி கொடு என்று மனைவியிடம் கெஞ்சினேன். சீக்காளி வீட்டில் கஞ்சத்தனம் என்று ஊர் பேசும் என்றாள். அவளும் பாவம், அவளும் அந்தப் பாலைத் தொடவில்லை.

எடை ஏறவில்லை. ஏன் என்று விசாரிக்க ஐயாவே வீட்டுக்கு வந்தார். சொன்ன புத்தி கேட்காத சனம் என்று என் மனைவியை வாசலில் வைத்தே திட்டினார். அவள் உள்ளே போய், தனக்குத் தெரிந்ததைச் செய்தாள்: பால் தேத்தண்ணி. முதல் மிடற்றிலேயே ஐயாவின் முகம் மலர்ந்தது.

"இந்த நாளிலை உங்களுக்குப் பால்மா எங்கை கிடைக்குது? எனக்கும் ஒண்டு எடுத்துத் தாங்கோவன்."

"நீங்க குடுத்ததுதான் ஐயா," என்றாள் அவள். "இதோட டின் முடிஞ்சிச்சு."

ஐயா கோப்பையைக் கீழே வைக்கவில்லை. மிச்சத்தையும் குடித்து முடித்துவிட்டுத்தான் என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பக் கடிதம் எழுதினார்.

அவ்வளவு தூரத்துக்கு என்னைப் பார்க்க யாரும் வரவில்லை. அதனால் கிடைத்த பாலையெல்லாம் நானே குடித்தேன். எடை மளமளவென்று ஏறியது. மகள் பிறந்த செய்தி அங்கேதான் வந்தது. பாங்கு சொன்னது என் மச்சான். போர்வைக்குள் முகத்தைப் புதைத்து அழுதேன்.

சுகமாகி வீடு வந்ததும் பிள்ளை பார்க்கும் கூட்டம் திரண்டது. இந்த முறை எல்லோருக்கும் வெறுந்தேத்தண்ணி என்று நானே உரக்கச் சொன்னேன். விறகுக்கடைக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை எட்ட வைத்தார்.

"சீக்கா இருக்கக்குள்ள நல்ல மனுசனா இருந்தீங்களே மகன்," என்றார்.