ரெஜான் வீட்டு மேசையில் ஐந்நூறு கோதுகள்

போன சனிக்கிழமை மகளின் புதுவீட்டுக் குடிபுகலுக்கு ஒரு பித்தளைச் செம்பு வாங்க வில்லரேப் பகுதியில் ஒரு தமிழ்க் கடைக்குப் போனேன். செம்பைக் கையில் எடுத்தவுடன் விளிம்பை நகத்தால் வருடி, வெளிச்சத்தில் உருட்டி, விரலால் சுண்டிக் காதோடு வைத்துக் கேட்டேன். கல்லாவில் நின்ற பெண்பிள்ளை சிரிப்பை அடக்க முடியாமல், "அன்ரி, அதில பாட்டு வராது" என்றாள். மகள் என்னைத் தெரியாதவள்போல ஊதுபத்திப் பக்கம் நகர்ந்துவிட்டாள். இப்படிப் பித்தளையைக் காதால் பார்ப்பதுதான் இந்த நாட்டில் என் முதல் வேலை என்று அவளுக்கு நான் சொன்னதேயில்லை.

பித்தளைக்கு ஒரு மணம் உண்டு. ஈரக் கையில் பழைய காசை இறுக்கிப் பிடித்தால் வருமே, அதுதான். அகதி வழக்குக்குக் காத்திருந்த நாட்களில் என் கை, சோறு, தலையணை எல்லாம் அந்த மணம். செயின்ட்-லோரன்டில் ஒரு தொழிற்சாலையின் பின்பக்கம் லூக் என்பவருக்குச் சின்னப் பட்டறை இருந்தது. துப்பாக்கி சுடும் கழகங்களிலிருந்து கைத்துப்பாக்கியில் சுட்டபின் மிஞ்சும் பித்தளை ரவைக் கோதுகள் வாளி வாளியாக வரும். அவற்றைத் துலக்கி, நல்லது கெட்டது பிரித்து, வீட்டிலேயே வெடிமருந்து நிரப்பித் திரும்பப் பாவிக்கும் ஆட்களுக்கு அவர் விற்பார். பிரிக்கிற வேலைக்கு நாங்கள் இரண்டு பேர்: நானும், யாழ்ப்பாணத்து ஷர்மிளாவும்.

யோசித்துப் பாருங்கள். துப்பாக்கிக்குப் பயந்து மட்டக்களப்பை விட்டு ஓடி வந்தேன் என்று பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தவள், ரவைக் கோதுகளுக்கு நடுவில் கதிரை போட்டு இருக்கிறாள்! அம்மாவிடம் தொலைபேசியில் "பித்தளைச் சாமான் துலக்குற வேலை" என்று சொல்லி வைத்தேன். "இதுக்குத்தானா பிளேன் ஏறிப் போன நீ?" என்று கேட்டார்.

ஒவ்வொரு கோதாக எடுத்துப் பார்க்க வேண்டும். வாயில் வெடிப்பு உண்டா, உடம்பு ஒரு பக்கம் வீங்கியிருக்கிறதா, அடிப்பக்கம் கீறல் ஓடுகிறதா, பெரிய கோதுக்குள் சின்னது ஏதும் சிக்கியிருக்கிறதா. பிழை கண்டால் குறட்டால் வாயை நசுக்கி வாளியில் போட வேண்டும், வேறு யாரும் தவறி எடுத்துவிடாதபடி. பழுதான கோது துப்பாக்கிக்குள் கிழிந்தால் என்ன ஆகும் என்பதை முதல் நாளே லூக் ஒரு கண்ணைப் பொத்திக் காட்டியிருந்தார். அதற்கு மொழி தேவைப்படவில்லை.

காதால் பார்க்கிற வித்தை மட்டும் எங்கள் சொந்தச் சரக்கு. ஒரு பிடி கோதை உள்ளங்கைக்குள் குலுக்கினால் நல்லவை கலகலவென்னும். நடுவில் வெடித்தது ஒன்று இருந்தால் சுருதி கெட்டுவிடும். சந்தையில் தட்டிப் பார்த்துச் சட்டி வாங்கின எங்களுக்கு இதெல்லாம் பெரிய காரியமா? லூக் வெடித்தது ஒன்றை நல்லவற்றுக்குள் ஒளித்து வைத்துச் சோதித்தார். மூன்று தரம் தோற்ற பிறகுதான் நம்பினார்.

அந்தப் புகழ்தான் தலைக்கு ஏறியிருக்க வேண்டும். ஒரு மார்ச் மாதப் பின்னேரம், சந்தேகமான ஏழு கோதுகளைத் திரும்பப் பார்க்கலாம் என்று ஒரு மூடியில் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன். வந்ததும் வேறு வாளியில் இறங்கிவிட்டேன்; ஞாபகம் வந்து பார்த்தால் மூடி வெறுமையாக இருந்தது.

"இதில கிடந்தது எங்கடி?"

"நல்லதெண்டு நினைச்சுப் பைக்குள்ள கொட்டிப்போட்டன்" என்றாள் ஷர்மிளா.

பை போய்விட்டது. ரெஜான் என்ற ஓய்வுபெற்ற பஸ் சாரதி ஐந்நூறு கோதுகளாக அதை வாங்கிக்கொண்டு போய் ஒரு மணித்தியாலம் ஆகியிருந்தது. லூக்கும் வெளியே போயிருந்தார். ரெஜான் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தோம். மனைவி பேசினார். எங்களிடம் இருந்த பிரெஞ்சு முழுவதும் "நோன், மடாம், நோன்!", அதாவது "வேண்டாம் அம்மா, வேண்டாம்!", மட்டும்தான். அவர் மரியாதையாக "மெர்சி" என்று நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

விலாசச் சீட்டை எடுத்துக்கொண்டு, வேலை ஏப்ரனோடேயே பஸ் ஏறினோம். ஒரு பஸ் மாறி செயின்ட்-மிஷேலில் இறங்கி உருகின பனிச் சேற்றில் ஓடியபோது, "அந்தாளுக்கு ஒண்டு நடந்தா எங்களைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்களோ?" என்று ஷர்மிளா கேட்டாள். நான் ஒற்றைக் கண்ணுள்ள ஒரு மனிதரை நினைத்துக்கொண்டு ஓடினேன்.

ரெஜானே கதவைத் திறந்தார். இரண்டு கண்களும் இருந்தன, மேலே கண்ணாடியும். நாங்கள் கொண்டுபோன நசுங்கிய கோதைக் காட்டிக் கையை ஆட்டினோம். அவர் சிரித்துவிட்டுச் சமையலறைக்குக் கூட்டிப்போனார். மேசைமேல் கோதுகள் பரப்பிக் கிடந்தன. பக்கத்தில் ஒரு சாசரில் பழுதானவை ஐந்து, தனியாக. மனிதர் எங்களை நம்பாமல் ஒவ்வொன்றையும் தானும் பார்த்துக்கொண்டிருக்கிறார்! ஒன்றிலும் இன்னும் மருந்து நிரப்பவில்லை. எனக்குக் கொஞ்சம் ரோசமும் வந்தது என்று சொல்லத்தான் வேண்டும்.

மிச்சத்தை மூவரும் இருந்து பார்த்தோம். ஆறாவதை நான் குலுக்கிக் கண்டுபிடித்தேன். ஏழாவது வரவேயில்லை. இரண்டாம் தரமும் பார்த்தோம்.

"ஏழெண்டு வடிவாத் தெரியுமோ? ஆறாயும் இருக்கலாம்தானே" என்றாள் ஷர்மிளா மெல்ல.

ஆறு என்று சொல்ல என் நாக்கும் தயாராகத்தான் இருந்தது. சொன்னால் எழுந்து போய்விடலாம். ரெஜான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு விரல்களை விரித்துக் காட்டினேன்.

அவர் தலையசைத்தார். ஐந்நூறையும் ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் வழித்துப் போட்டு, மூடியில் பெரிதாக "NON" என்று எழுதி என் கையில் தந்தார். பிறகு அவருடைய மனைவி சீனிப் பாகில் செய்த ஒரு வட்டப் பணியாரத்தை வெட்டி வைத்தார். பல் கூசும் இனிப்பு. ஷர்மிளா இரண்டு துண்டு சாப்பிட்டாள்.

மறுநாள் லூக்கிடம் பெட்டியைக் கொடுத்துக் கைச்சாடையால் எல்லாவற்றையும் சொன்னோம். பெட்டியைக் கழிவு வாளிக்குள் கவிழ்த்தார். சந்தேகமானவற்றைப் போட ஒரு மூடிக்குச் சிவப்புச் சாயம் அடித்து எனக்கு முன்னால் வைத்தார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ரெஜான் எப்போது வந்தாலும் "அந்த ரெண்டு மடாமும் பார்த்ததா?" என்று கேட்டுத்தான் வாங்குவாராம். வருசத்துக்கு ஒரு போத்தல் பீற்றூட் ஊறுகாயும் வரும்.

பல வருசம் கழித்து, கைத்துப்பாக்கி வாங்குவதையும் விற்பதையும் அரசாங்கம் நிறுத்தியது. வாளிகள் குறைந்தன. லூக் பட்டறையை மூடினார். ஷர்மிளா, எல்லாரையும்போல, ரொறன்ரோவுக்குப் போனாள். ரெஜான் இப்போது இல்லை. துப்பாக்கி குறைந்ததற்கு நான் ஏன் கவலைப்பட வேண்டும்? நல்லதுதான். ஆனாலும் போன மாதம் பஸ் பழைய பட்டறைப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். நாங்கள் பக்கத்துப் பக்கமாக இருந்து வேலை செய்த ஜன்னலுக்குச் சாம்பல்நிறத் தாள் ஒட்டியிருக்கிறார்கள். வெளிச்சம் தேவையில்லாத வேலை ஏதோ உள்ளே நடக்கிறது.