மெஸ்காரி பிரான்சுக்குப் போகலாமா

எங்கள் வாட்ஸப் குழுவுக்கு நான்தான் அட்மின். அந்தப் பதவி எனக்குக் கிடைத்ததற்குக் காரணம் அறிவோ பொறுப்போ இல்லை. முத்தியால்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், தமிழில் வேகமாக டைப் அடிப்பேன், பகல் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பேன். இந்த மூன்றும் இருந்தால் எங்கள் ஊரில் எந்தச் சங்கத்துக்கும் செயலாளர் ஆகிவிடலாம்.

குழுவில் இருப்பவர்கள் என்னோடு கான்வென்ட்டில் படித்தவர்கள். ஐம்பதைத் தாண்டிய பிறகு யாருக்கோ ஞானோதயம் வந்து எல்லோரையும் தேடிப் பிடித்தார்கள். ஒரு பூசை, ஒரு பிரியாணி, ஒரு குரூப் போட்டோ, கடைசியில் ஒரு வாட்ஸப் குழு. முதல் வாரம் அழுகையும் சிரிப்புமாகப் போனது. அடுத்த வாரத்திலிருந்து ரோஜாப்பூ வர ஆரம்பித்தது. காலை வணக்கத்துக்கு ஒரு ரோஜா, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வசனம், பிரதோஷ நேரம், சர்க்கரைக்கு எந்த இலையை மெல்லலாம் என்று ஒரு டாக்டர் வீடியோ. அந்த டாக்டரைப் பார்த்தால் அவருக்கே சர்க்கரை இருப்பதுபோல் தெரிந்தது.

கதை எழுதலாம் என்று சொன்னது என் தோழி. இரண்டு தெரு தள்ளி வீடு. நர்சரிப் பள்ளியில் டீச்சராக இருந்தவள். கணவர் இறந்துவிட்டார், ஒரே மகன் பிரான்சில். சாயங்காலம் டீ வாங்கிக்கொண்டு என் கடைக்கு வந்துவிடுவாள், கடை சாத்தும்வரை ஊரையே கிழித்துத் தொங்கவிடுவோம். அப்படி ஒரு நாள் போனைக் காட்டிச் சொன்னாள்: "இந்த குரூப்ப பாத்தா எழவு வீட்டு வாசல்ல சேர் போட்டு ஒக்காந்திருக்காப்ல இருக்குடி. எல்லாளும் வராளுங்க, ஒக்கார்றாளுங்க, ஒருத்தியும் வாயத் தொறக்க மாட்டேன்றா. ஆளுக்குக் கொஞ்சமா ஒரு கதை எழுதுனா இன்னா?"

அவளே ஆரம்பித்தாள். முத்தியால்பேட்டைக் கடைத்தெருவில் ஒரு மெஸ் நடத்துகிற பெண். வாயைத் திறந்தால் வசவுதான் வரும், ஆனால் இரண்டாவது கரண்டி சாம்பாரைக் கேட்காமலே ஊற்றுவாள். அவளுக்குப் பெயர் வைக்க வேண்டாம், வைத்தால் அந்தப் பெயருள்ளவள் சண்டைக்கு வருவாள் என்றாள் தோழி. மெஸ்காரி என்றே இருந்துவிட்டது. ஒரே நாளில் ரோஜாப்பூ நின்றது.

எழுத வந்தவர்கள் ஒவ்வொருத்தியும் ஒரு தினுசு. பிள்ளைச்சாவடியில் வாக்கப்பட்டவள் டைப் அடிக்க மாட்டாள், வாய்ஸ் நோட்தான். பின்னால் மிக்சி ஓடும், மீன் விலை பேசுவாள், நடுவில் கதை வரும். அதைத் தேடி எடுத்து டைப் அடிப்பது என் வேலை. காலாப்பட்டில் பல்கலைக்கழக ஆபீசில் இருப்பவள் பஸ்ஸில் எழுதுவாள். இறங்கும் இடம் வந்தால் வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு இறங்கிவிடுவாள். சென்னைக்காரி சொந்தமாக எழுதுவதே இல்லை, கம்ப்யூட்டரிடம் எழுதி வாங்கி ஒட்டுவாள். அவள் முறை வந்தாலே மெஸ்காரியின் உள்ளத்தில் உணர்வலைகள் பொங்கும். அடுத்து எழுதுபவள் அந்த அலையெல்லாம் வடிந்தபிறகு மறுபடி உலை வைக்க வேண்டும்.

அதைக்கூடச் சமாளித்துவிட்டேன். சமாளிக்க முடியாமல் போனது பிரான்ஸ். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் தெருவுக்கு ஒரு சொல்தா வீடாவது இருக்கும். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்திருப்பார், அதனால் பாட்டிக்கு பென்ஷன் வரும், பேரனுக்கு நேஷனாலிட்டி வரும், பேரனுக்குப் பெண் கொடுக்க நாலு ஊரிலிருந்து ஆள் வரும். அந்தப் பழக்கத்தில், கதை எங்கே முட்டிக்கொண்டு நின்றாலும் எங்கள் ஆட்கள் பாத்திரத்தை விமானம் ஏற்றிவிட்டார்கள். கடனில் மூழ்கிய தயிர்க்காரருக்குத் திடீரென்று ஒரு சொல்தா தாத்தா முளைத்தார். சோறு வடித்துக்கொண்டிருந்தவனை பாரிசிலிருந்து பெரியம்மா கூப்பிட்டுக்கொண்டாள். காதலில் தோற்ற கண்டக்டர் கோட்டு போட்டுக்கொண்டு பனியில் நின்றான். கொஞ்ச நாளில் மெஸ்ஸில் சாப்பிட ஆளே இல்லை.

விதி போட்டேன். அடுத்தவள் பாத்திரத்தைக் கேட்காமல் சாகடிக்கக் கூடாது, நடுவில் ரோஜா கூடாது, யாரையும் பிரான்சுக்கு அனுப்பக் கூடாது. போனவர்களையெல்லாம் ஒரே அத்தியாயத்தில் திருப்பி அழைத்து வந்தேன். பிள்ளைச்சாவடிக்காரி தன் தயிர்க்காரருக்காக இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பிறகு கதை படுத்துவிட்டது. யாருக்கும் கோபம் இல்லை, சண்டை இல்லை, வெறுமனே எழுதாமல் போனார்கள். பேத்திக்குக் காய்ச்சல், கிரிக்கெட், தவக்காலம், கல்யாணச் சீசன். நான் செய்யாத தந்திரம் கிடையாது. கிழமை பிரித்துக் கொடுத்தேன். நாலு வரி போதும் என்றேன். பிறந்தநாள்காரி புதுப் பாத்திரம் கொண்டுவரலாம் என்று சலுகை அறிவித்தேன். எல்லாம் கிணற்றில் போட்ட கல். கடைசியில் கடையின் இன்னொரு நம்பரைக் குழுவில் சேர்த்து, பழைய தோழி மாதிரி "அருமை, அடுத்து என்ன?" என்று நானே கேட்டுவைத்தேன். அந்த நம்பரின் படத்தில் என் கடை போர்டு இருந்ததை நான் கவனிக்கவில்லை. பிள்ளைச்சாவடிக்காரி கவனித்துவிட்டாள், அவள் சிரித்த வாய்ஸ் நோட் மட்டும் ஒரு நிமிஷத்துக்கு ஓடியது.

கடைசியில் எழுத மிஞ்சியது தோழியும் நானும். ஒரு நாள் அவள், ஒரு நாள் நான். உண்மையைச் சொன்னால் எனக்கு அது போதுமாக இருந்தது. நான் குழுவை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்ததே அவளுக்காகத்தான். காலையில் அவள் எழுதியதைப் படிப்பேன், சாயங்காலம் அதை வைத்து அவளை வம்புக்கு இழுப்பேன். எனக்கு வேறு துணை கிடையாது, தேடவும் இல்லை.

ஒரு சாயங்காலம் டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"பேப்பர் எல்லாம் வந்துடுச்சாம்டி. பையன் ஒரேயடியா வந்துடுன்றான்."

போகாதே என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்வதற்கு என் வாய் பழகவில்லை.

"அங்க போயி இன்னா பண்ணுவ? காஞ்ச ரொட்டிய கடிச்சிகினு சன்னலு வழியா பாத்துகினு இருப்ப."

சிரித்தாள். "எனக்கு ஒண்ணும் புரியலடி. போலாமா வேணாமான்னு தெரியல. யார்கிட்டயும் சொல்லிடாத. சொன்னா எல்லாளும் புத்தி சொல்ல வந்துடுவாளுங்க."

அடுத்த முறை அவளுடையது. காலையில் கடையைத் திறந்து போனைப் பார்த்தேன். மெஸ்காரிக்கு பிரான்சிலிருந்து மகன் போன் பண்ணியிருந்தான், ஒரேயடியாக வந்துவிடச் சொல்லி. மெஸ்காரிக்கு பிரான்சில் ஒரு மகன் இருப்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவள் போனை வைத்துவிட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பதோடு தோழி நிறுத்தியிருந்தாள்.

ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். அன்றைக்குக் குழு ரெண்டுபட்டது, கூத்தாடி நான் மட்டும் கொண்டாட முடியாமல் உட்கார்ந்திருந்தேன். செத்துக் கிடந்தவர்களெல்லாம் எழுந்து வந்தார்கள். முதல் குரல் பிள்ளைச்சாவடி. "ஏய் அட்மினு, ரூலு இருக்குதா இல்லியா? என் தயிர்க்காரன் போனப்ப கழுத்தப் புடிச்சி இட்டாந்த. இவ ஆளு மட்டும் போவலாமா?" காலாப்பட்டுக்காரி பஸ்ஸிலிருந்து எழுதினாள்: "அங்க போனா அவ பேசுறத யாரு". மீதி வர ஒரு மணி நேரம் ஆனது. ஆபீசில் போய் உட்கார்ந்து "கேப்பாங்க?" என்று போட்டாள்.

தோழி எல்லாவற்றையும் கதைக்காகக் கேட்பதுபோலவே கேட்டாள். வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் மெஸ்காரி வீட்டில் கரையான் வராதா? மருமகளுக்குத் தமிழ் வராவிட்டால் எப்படிப் பேசுவது? அவள் செத்தால் எங்கே புதைப்பார்கள்? கரையானுக்கு என்ன மருந்து அடிக்க வேண்டும் என்று பிள்ளைச்சாவடிக்காரி மிக்சியை நிறுத்திவிட்டுச் சொன்னாள். புதைப்பது பற்றி ஒரு பெரிய சண்டையே நடந்தது. எல்லோரும் உலகத்திலேயே இல்லாத ஒருத்திக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் தெரியும், இரண்டு தெரு தள்ளி ஒருத்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

அப்போது சென்னைக்காரி எழுதினாள். உணர்வலை எதுவும் இல்லை. "போகட்டும். என் பையன் கூப்பிட்டா நான் நடந்தே போவேன். அவன் கூப்பிடல." அவள் சொந்தமாக எழுதி நாங்கள் பார்த்த முதல் வரி அது.

பிறகு யாரோ ஓட்டெடுப்பு வைத்தார்கள். மெஸ்காரி போகலாம், போகக் கூடாது. மளமளவென்று விழுந்தது. நான் விதியைக் காட்டி எல்லாவற்றையும் அழித்திருக்கலாம், டைப் அடித்தும் வைத்தேன், அனுப்பவில்லை. தோழி தனியாக ஒரு செய்தி போட்டாள்: "நீ இன்னும் ஓட்டு போடல."

"அட்மின் ஓட்டு போடக் கூடாது," என்றேன்.

"அப்படி ஒரு ரூலும் இல்ல. போடு."

"போகக் கூடாது" என்பதை அழுத்தினேன். என் பெயர் அதற்குக் கீழே போய் நின்றது. மனசுக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. ஒருத்தர் ஆதார் கார்டு காப்பிக்கு வந்தார், எடுத்துக் கொடுத்தேன். இன்னொருத்தர் லேமினேஷனுக்கு வந்தார். மெஷின் சூடாகும்வரை சும்மா நின்றபோதுதான் யோசித்தேன். என் பேச்சைக் கேட்டு இவள் நின்றுவிடுவாள். நின்றால் ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் போனை மடியில் வைத்துக்கொண்டு பேரப்பிள்ளை முகம் எப்போது வரும் என்று உட்கார்ந்திருப்பாள். எதிரில் உட்கார்ந்து அந்த முகத்தைப் பார்க்கப் போவது நான். போனை எடுத்து ஓட்டை மாற்றினேன்.

சாயங்காலம் வந்தாள். டீ வாங்கி வரவில்லை.

"மொதல்ல ஒண்ணு போட்ட, அப்பறம் இன்னாத்துக்கு மாத்துன?"

"வெரலு பட்டுடுச்சி."

"ரெண்டு தடவையுமா?"

பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "ரெண்டு காப்பி எடு. கலரு வேணாம்." மெஷின் மூடியைத் தூக்கி, அவள் போட்டோவைக் கண்ணாடியில் கவிழ்த்து வைத்தேன். அந்தப் போட்டோவில் அவள் திருடி மாதிரி இருக்கிறாள் என்று சொன்னேன். அவள் சிரித்தாள், மூக்கையும் துடைத்துக்கொண்டாள். எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. கோபத்தில் நாலு காப்பி எடுத்துவிட்டேன்.

குழுவிடம் அவளே சொன்னாள். பிள்ளைச்சாவடிக்காரி ஒரு நாள் முழுக்கத் திட்டினாள். மறுநாள் ஒரு மூட்டை கருவாட்டோடு வந்து நின்றாள், விமானத்தில் விடமாட்டார்கள் என்று சொன்னதைக் காதிலேயே வாங்கவில்லை. அந்த மூட்டை என் வீட்டில் தங்கியது. தோழி போனாள். சாயங்காலத்தில் கடையைச் சீக்கிரம் சாத்த ஆரம்பித்தேன்.

குழு மட்டும் நன்றாக உயிரோடு இருந்தது. மெஸ்காரி போகலாம் என்று தீர்ப்பாகிவிட்டதே, அவளை யார் விமானம் ஏற்றுவது? அது தோழியின் பாத்திரம், அவள்தான் எழுத வேண்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் போய்ச் சேர்ந்து, குளிர் என்று ஒரு வரி, மகன் வீட்டுப் படிக்கட்டு என்று ஒரு போட்டோ, அவ்வளவுதான் போட்டிருந்தாள். நானும் கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவேன் என்று தெரியும்.

ஒரு நாள் மத்தியானம் கடையில் கூட்டமாக இருந்தபோது அவள் அத்தியாயம் வந்தது. மெஸ்காரி விடியற்காலையில் எழுந்து பெட்டியைத் திறக்கிறாள். புடவைகளை எடுத்துத் திரும்ப பீரோவில் அடுக்குகிறாள். அடுப்பைப் பற்ற வைத்து இட்லிப் பானையை ஏற்றுகிறாள்.

"ஓட்டு போட்டது எதுக்குடி?" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். அவள் எனக்கு மட்டும் ஒரு வாய்ஸ் நோட் போட்டாள். பின்னால் ஒரு குழந்தை வேறு பாஷையில் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தது. "நான்தான் வந்துட்டேன். அவளாவது அங்க இருக்கட்டும்டி."

அத்தியாயத்தின் கடைசியில் புதிதாக ஒரு ஆள் வந்திருந்தாள். மெஸ்ஸுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். குண்டு, சிடுமூஞ்சி, தனக்கென்று சமைக்கச் சோம்பேறி. அவள் வாசலில் வந்து நின்று உள்ளே எட்டிப் பார்க்கிறாள். மெஸ்காரி கரண்டியோடு திரும்பி, "இன்னாடி அப்பிடி பாக்கற, நான் போயிட்டேன்னு நெனச்சியா?" என்று கேட்கிறாள். அங்கே நிறுத்தி, அடுத்த முறை அட்மினுடையது என்று போட்டிருந்தாள்.

கடையில் நின்றவர்கள் பார்க்கப் பார்க்க நான் அழுதேன். மார்க் ஷீட்டோடு நின்ற ஒருவர் மெஷின் ரிப்பேரா என்று கேட்டார். கொஞ்சம் பொறுங்க என்றேன். பொறுத்தார்.

"போயிட்டேன்னுதான் நெனச்சேன்," என்று டைப் அடித்தேன். "ரெண்டு இட்லி வை."