தூளிக்கடியில் வைத்த கத்தி

என் குழந்தையின் தூளிக்கடியில் இருந்த கத்தியை நான் ஏன் மாற்றினேன்? துருவுக்குப் பயந்தா, பிறர் பார்ப்பார்களே என்ற வெட்கத்தாலா? இன்னும் எனக்கே தெரியவில்லை.

காற்றுக் கருப்பு அண்டாதிருக்கத் தூளிக்கடியில் இரும்பு வைப்பது உடும்பஞ்சோலையில் எங்கள் வழக்கம். என்னோடு படித்த தோழி வருகிறாள் என்று, கம்பம் சந்தையில் வாங்கிய மலிவான மரப்பிடிக் கத்தியை அடுப்படியில் போட்டுவிட்டு, கணவரின் சீமை மடக்குக்கத்தியை வைத்தேன்.

அவள் போன சற்று நேரத்தில், புரண்ட குழந்தையின் கழுத்தைத் தூளித்துணி முறுக்கி இறுக்கியது. மடக்குக்கத்தியை விரித்து அறுத்தேன். அது மடங்கி என் விரலைத்தான் வெட்டியது. என் அலறல் கேட்டு நாத்தனார் சந்தைக் கத்தியோடு ஓடி வந்தாள்.

"தள்ளுங்க மதினி! அழகு பாக்கவா கத்தி வச்சிருக்கிய?"

ஒரே இழுப்பில் துணி அறுந்தது. குழந்தை வீறிட்டான். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு இன்னும் கூசுகிறது.

இப்போது சந்தைக் கத்தியையே வைக்கிறேன். ஆனால் மகன் தவழத் தொடங்கிவிட்டான். என் கைக்கு எட்டி, அவன் கைக்கு எட்டாத இடம் எது? பிள்ளை வளர்த்த சகோதரிகள் தயவுசெய்து எழுதுங்கள்.