மாரிகுப்பம் வண்டியில் கத்திப் பழகினேன்

பெங்களூரில் ஒரு கண் மருத்துவமனையில் சீட்டு எழுதும் வேலை கிடைத்தபோது எனக்கு முப்பத்தேழு வயது. விடிவதற்கு முன் மாரிகுப்பத்தில் வண்டி ஏறினால், பொழுது சாயும்போது அதே மாரிகுப்பத்தில் வந்து இறங்குவேன். அங்கிருந்து ஆண்டர்சன்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு இருபது நிமிட நடை. ஷேர் ஆட்டோ உண்டு. ஆனால் நாள் முழுக்க நாற்காலியிலும் ரயில் பலகையிலும் உட்கார்ந்து வந்தவளுக்கு அந்த நடைதான் சுகம். பழைய தங்கச் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டைச் சுற்றிக் காற்று வரும், இடுப்புப் பிடிப்பு விடும். வீட்டுக்குள் நுழையும்போது பாட்டு முணுமுணுத்துக்கொண்டே நுழைவேன்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம் ஒரு பைக் பின்னால் வர ஆரம்பித்தது.

முதல் நாள் யாரோ மெதுவாகப் போகிறார்கள் என்று ஓரமாக ஒதுங்கி வழி விட்டேன். அது முன்னால் போகவில்லை. என் நடைக்கு ஏற்றபடி உறுமிக்கொண்டு பின்னாலேயே வந்தது. மறுநாளும் வந்தது. மூன்றாம் நாள், "ட்ராப் பண்ணட்டுமா?" என்று கேட்டான். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. நான் சாவிக்கொத்தை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு நடந்தேன். அடுத்த வாரம் புதன்கிழமை பைக்கைக் குறுக்கே நிறுத்தி, "தனியாதான போறீங்க? இன்னா பயம்?" என்று சிரித்தான்.

கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது. அவனைச் சுற்றிக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினேன்.

வீட்டில் அப்பாவிடம் சொல்லவில்லை. முப்பது வருடம் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், நெஞ்சில் தூசி. நாலு எட்டு வேகமாக வைத்தால் மூச்சு வாங்கும். சொன்னால் கம்பை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்து நிற்பார்.

மறுநாள் வண்டியில் பெண்கள் பெட்டியில் சொன்னேன். எங்கள் பெட்டியில் தினமும் ஒரே பெஞ்சுகளில் உட்காரும் ஒன்பது பேர் நாங்கள். நடுவில் உட்காருபவர் நர்ஸ் அக்கா. பெரிய உடம்பு, சர்ச் பாடகர் குழுவில் கடைசி வரிசைக் குரல். அவர் பூண்டு உரித்துக்கொண்டே முழுவதும் கேட்டார்.

"கத்தினியா?"

"சத்தம் வரலக்கா."

"வராது. பழக்கம் இல்லாதது எப்படி வரும்? இப்பக் கத்து."

"இங்கயா?"

"பின்ன எங்க? அவன் வந்தப்புறம் பழகப் போறியா? 'டேய், நில்லு'ன்னு கத்து."

கத்தினேன். கிணற்றுக்குள்ளிருந்து வந்த மாதிரி இருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பங்காருபேட்டை கன்னடக்காரம்மா தலையை ஆட்டினார். "ஜோராகி, ஜோராகி" என்று, இன்னும் பலமாகக் கத்தச் சொல்லித் தன் தொடையைத் தட்டினார். அடுத்த தடவை கொஞ்சம் சத்தமாக வந்தது. கால் சென்டரில் வேலை செய்யும் சின்னவள் கைதட்டினாள். பிறகு எல்லாரும் சேர்ந்து கத்த ஆரம்பித்தார்கள். வண்டி ஒரு ஸ்டேஷனுக்குள் நுழைந்தது யாருக்கும் தெரியவில்லை. பிளாட்பாரத்தில் வேகமாக நடந்துகொண்டிருந்த ஒரு பெரியவர், "டேய், நில்லு!" என்று ஒன்பது குரல் கேட்டதும் இரண்டு கையையும் தூக்காத குறையாக நின்றுவிட்டார். நாங்கள் சிரித்த சிரிப்பில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பல நாளாக நான் சிரிக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அன்று மாலை சின்னவள் என் பின்னால் ஐம்பது அடி தள்ளி நடந்தாள், கையில் போன். பைக் வந்தது. உறுமியது. நான் திரும்பி நின்று, வயிற்றிலிருந்து இழுத்து, "டேய், நில்லு!" என்றேன்.

அவன் நின்றுவிட்டான். என்ஜினைக்கூட அணைத்துவிட்டான்.

அதற்கப்புறம் என்ன சொல்வது என்று நாங்கள் பழகவில்லை. அவன் என்னைப் பார்க்க, நான் அவனைப் பார்க்க, சின்னவள் பக்கத்தில் வந்து முகத்தையும் நம்பர் பிளேட்டையும் நிதானமாகப் படம் எடுத்தாள். அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு பறந்தான்.

வெள்ளிக்கிழமை அந்தப் படத்தைப் பார்த்ததும் நர்ஸ் அக்கா பூண்டைக் கீழே வைத்தார். "இவனா? இவங்க அம்மாவுக்குப் பத்து நாள் நான்தான் ஊசி போட்டேன். சர்ச்சுக்குப் பின்னாடி லைன்ல கீறாங்க." எதிர் பெஞ்சிலிருந்து ஒருத்தி, போலீஸுக்குப் போகலாம் என்றாள். "அதுக்கும் போலாம். நம்பர் இருக்குது, எங்கயும் போயிடாது. முதல்ல வீட்டுக்குப் போலாம். நீ இன்னா சொல்ற?" என்று என்னைக் கேட்டார் அக்கா. எனக்கு அவன் தினமும் வருவது நிற்க வேண்டும், அவ்வளவுதான். சரி என்றேன்.

சனிக்கிழமை எல்லாருக்கும் அரை நாள். வண்டி பங்காருபேட்டையில் நின்றபோது கன்னடக்காரம்மா இறங்கவில்லை. "நானூ பர்த்தீனி" என்று, தானும் வருவதாகச் சொல்லிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மூன்றரை மணி வெயிலில் ஒன்பது பேரும் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பின் அந்த லைன் வீட்டு வாசலில் போய் நின்றோம்.

கதவைத் திறந்தது ஒல்லியான அம்மா. எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "வாங்க, வாங்க! ஜெபக் கூட்டமா? எனக்கு யாருமே சொல்லலையே!" என்று பாயை விரித்தார், மின்விசிறியைப் போட்டார், ஓடிப்போய் அடுப்பில் பாலை வைத்தார். நர்ஸ் அக்காவே சுவரில் இருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் சொன்னேன். கத்தவில்லை. எந்த வழி, எத்தனை நாள், புதன்கிழமை என்ன சொன்னான், எல்லாம் சொன்னேன். சின்னவள் படத்தைக் காட்டினாள். அந்த அம்மா போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். உள்ளறையைப் பார்த்து மகனைக் கூப்பிட்டார்.

லுங்கியும் காதில் இயர்போனுமாக வந்தவன், பாய் முழுக்கப் பெண்களைப் பார்த்ததும் திரும்பி உள்ளே போகப் பார்த்தான்.

"நில்லு," என்றார் அம்மா. "சாவி."

கொடுத்தான். அதை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"தம்பி," என்றேன். குரல் லேசாக நடுங்கியது, ஆனால் வந்தது. "அந்த வழியாதான் நான் தினமும் நடப்பேன். நடக்கறதை விடமாட்டேன். நீங்க என் பின்னாடி வரக்கூடாது. யார் பின்னாடியும் வரக்கூடாது."

"சும்மா வெளாட்டுக்கு..." என்றான்.

"அவங்க வெளாடலையேடா," என்றார் அம்மா. அடித்தால்கூட அவன் அப்படித் தலை குனிந்திருக்க மாட்டான்.

நாங்கள் எழுந்தோம். "பால் பொங்கிடுச்சு. காபி குடிக்காம போகக்கூடாது," என்று அவர் வழியை மறித்தார். வீட்டில் ஐந்து டம்ளர்தான் இருந்தது. "போய் பக்கத்து வீட்ல நாலு வாங்கினு வா," என்று அவனையே அனுப்பினார். "யாருடா வந்துகீறாங்க?" என்று பக்கத்து வீட்டம்மா கேட்பதும், அவன் டம்ளர் வேண்டும் என்று மட்டும் முனகுவதும் எங்களுக்கு நன்றாகக் கேட்டது. ஒன்பது பேருக்கும் அவனே கொண்டுவந்து கொடுத்தான். என் டம்ளரை வைக்கும்போது, "ஸாரி மேடம்," என்றான். காபியைக் குடித்தேன். சர்க்கரை தூக்கல்.

அந்த அம்மா தெருமுனை வரை என்னோடு வந்தார். "வீட்ல ஒழுங்கா கீறான்னு நெனச்சிருந்தேன்," என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறென்ன செய்ய?

நான் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் செய்தி கடைத்தெரு வழியாக அப்பாவிடம் போய்விட்டிருந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஊருக்கே தெரியுது, எனக்கு மட்டும் தெரியல," என்றார். திங்கட்கிழமை மாலை வண்டியிலிருந்து இறங்கினால், பிளாட்பாரத்தில் இஸ்திரி போட்ட சட்டையோடு நிற்கிறார். "சும்மா காத்து வாங்கலாம்னு வந்தேன்."

நர்ஸ் அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். "மாமா, வந்தது சரி. இந்த மூச்சோட நடந்து போவீங்களா? ஆட்டோ புடிச்சுப் போங்க. அவ நடந்து வருவா."

அப்பா ஆட்டோவில் ஏறினார். அன்றும் நான் நடந்தேன். இரண்டு இடத்தில் பைக் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன். ஒன்று பால்காரர், மற்றது யாரோ குடும்பத்தோடு. வீட்டு வாசலில் அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

"பதினெட்டு நிமிஷம்," என்றார். "ரொம்ப வேகமா நடக்கற."