லைட் அணைந்த பிறகு

எங்கள் ஆம்பூர்ப் பக்கத்துக் கல்யாணங்களில் வீடியோ லைட் முகத்தில் பட்டதும் ஆட்கள் போட்டோவுக்கு நிற்பதுபோல் விறைத்து நின்றுவிடுவார்கள். "இது வீடியோங்க, கொஞ்சம் பேசுங்க, சிரிங்க" என்று தொண்டை வற்றக் கத்தினாலும் அசைய மாட்டார்கள். லைட் அணைந்த பிறகுதான் உயிர் வரும். சிரிப்பார்கள், ஒருவரை ஒருவர் திட்டுவார்கள். கேமராவை நிறுத்துவதற்குள் பதிவாகிவிடும் அந்தக் கடைசித் துண்டை வெட்டி எறிந்துதான் இத்தனை வருடமாகப் பிழைப்பு நடத்துகிறேன்.

அம்மாவும் அப்படித்தான் நின்றாள். மாதனூரில் சொந்தக்காரர் கல்யாணம், நான்தான் கேமரா. எடிட் செய்து கொடுத்த படத்தில் அவள் நான்கு நொடி வருகிறாள், வாயைக்கூடத் திறக்காமல். அவள் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அவளிடம் இருந்தது பட்டன் போன். குரல் என்று எதுவும் எங்களிடம் மிஞ்சவில்லை. ஷூ கம்பெனியில் தையல் மெஷின் இரைச்சலிலேயே இருந்து பழகியவள், வீட்டிலும் சத்தமாகத்தான் பேசுவாள். "ஏம்மா கத்துற?" என்று எரிந்து விழுவேன். இப்போது அந்தக் கத்தலைக் கேட்க மனது கிடந்து அடித்துக்கொள்கிறது.

அன்று லைட் அணைந்ததும் அவள் என்னிடம் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்பது மட்டும் நினைவில் இல்லை. வெட்டாத அசல் வீடியோ லேப்டாப்பின் ஹார்டு டிஸ்கில்தான் எங்கேயோ இருந்தது. அந்த டிஸ்க் போன மாதம் டக் டக்கென்று சத்தம் போட ஆரம்பித்தது. ஒரு பாட்டைச் சேர்த்துவிட்டு டீ குடித்து வந்தாலும் திரை அப்படியே நிற்கும்.

பஜாரில் கம்ப்யூட்டர் கடைக்காரர் என் பழைய தோஸ்த். கழற்றிப் பார்த்துவிட்டு, "இத எடுத்துட்டு எஸ்எஸ்டின்னு புது டிஸ்க் வருது, அதப் போடு. எடிட்டிங்குக்கு அதான். இடம் கம்மி, ஆனா வேகம் ஜாஸ்தி. பழசக் குடுத்துடு, வெல கொறச்சிக்கிறேன்" என்றார்.

"பழசுல இருக்கறது எல்லாம் புதுசுல புடிக்குமா?"

"பாதிதான் புடிக்கும். வேணுங்கறத மட்டும் ஏத்திக்க."

எது வேண்டும் என்று தெரிந்தால்தானே! 'கல்யாணம்', 'கல்யாணம் புதுசு', 'கல்யாணம் பைனல்' என்று ஃபோல்டர்களுக்குப் பெயர் வைத்த புத்திசாலி நான். அதிக இடமுள்ள சாதா டிஸ்கை வாங்கினால் எல்லாம் பிடிக்கும், வேலைதான் நகராது. கடைசியில் வேலைக்கு எஸ்எஸ்டியைப் போட்டு, சிடி டிரைவைக் கழற்றிவிட்டுப் பழைய டிஸ்கை அந்த இடத்தில் வைக்கச் சொன்னேன்.

"அது எப்ப வேணா போய்டும்பா. இன்னாத்துக்கு அத வச்சிகினு?"

"அதுக்குள்ள ஒண்ணு தேடணும்" என்றேன்.

மூன்றாம் நாள் கிடைத்தது. அம்மா விறைத்து நிற்கிறாள். லைட் அணைகிறது. உடனே தோள் தளர்ந்து, என் பக்கம் திரும்பி, நாதஸ்வரத்தையும் மேளத்தையும் மீறிக் கத்துகிறாள்: "முடிஞ்சுதாடா? கம்பெனி பஸ்ஸு வந்துடும். நான் கெளம்பவா?"

கேமராவுக்குப் பின்னாலிருந்து என் குரல்: "முடிஞ்சுதும்மா, போ."

யாரை அனுப்பினாலும் 'போய்ட்டு வா' என்று சொல்கிற வீடு எங்களுடையது. அன்று அந்த 'வா'வைச் சொல்லக்கூட எனக்கு நேரமில்லை. அவள் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கும்போதே கேமராவை அடுத்தவர் பக்கம் திருப்பிவிட்டேன்.