ஊசி போட்டாச்சு, சாப்பாடு எங்கே? உத்திரமேரூர் பக்கம் ஒரு மதியம்

ஈப்போவிலிருந்து கிளம்பும்போதே என் கணவர் சேகரிடம் சொல்லிவிட்டேன். பத்து நாள் தமிழ்நாடு, காடியை நான்தான் ஓட்டுவேன், மேப் பார்க்கிற வேலை மட்டும் உங்களுக்கு. (எங்கள் ஊரில் காரைக் காடி என்போம்.) அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் நாங்கள் போன முதல் வெளிநாட்டுப் பயணம் இது. பொங்கல் முடிந்து இரண்டாவது வாரம். சென்னையில் வாடகைக் காடி ஒரு நாளைக்கு 2,300 ரூபாய். பன்னாட்டு ஓட்டுநர் உரிமத்தை மறக்காதீர்கள், கேட்டு வாங்கிப் பார்த்தார்கள்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேகருக்குச் சர்க்கரை. ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கு முன்னாலும் இன்சுலின் ஊசி. போட்டால் பதினைந்து நிமிடத்துக்குள் சாப்பிட்டாக வேண்டும், இல்லையென்றால் சர்க்கரை சடாரென்று இறங்கி ஆள் மயங்கிவிடுவார். அதனால் சாப்பாடு தேடும்போது என் ஒரு கண் எப்போதும் கடிகாரத்தில்தான் இருக்கும்.

காஞ்சிபுரத்தில் அறை எடுத்து மூன்று நாள் சுற்றினோம். தாமல் ஏரிக்கரை, ஐயங்கார்குளம், இன்னும் பெயர் தெரியாத ஊர்கள். எங்கே நிறுத்தி “இந்த ஊர்ச் சாப்பாடு எங்க கிடைக்கும்?” என்று கேட்டாலும் ஒரே பதில்தான். “நல்ல சாப்பாடு வோணும்னா மெயின் ரோட்டுக்குப் போங்க. ஏசி கீது. ஃப்ரைட் ரைஸ் சூப்பரா இருக்கும்.” அட கடவுளே! ஃப்ரைட் ரைஸ் தின்பதற்கா நான் கடல் தாண்டி வந்தேன்? ஈப்போவில் தடுக்கி விழுந்தால் அதுதான். மூன்று நாளும் அதையே தின்றோம்.

நாலாவது நாள் உத்திரமேரூர். காஞ்சிபுரத்திலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். கல்வெட்டுக் கோயிலைப் பத்து மணிக்குள் பார்த்துவிடுங்கள், அப்புறம் கால் பொரிந்துவிடும். அங்கே ஒரு டீக்கடைக்காரர்தான் முதல் தடவையாக வேறு பதில் சொன்னார். “மானாம்பதி ரோட்ல போங்க. ஊருக்கு முன்னாலயே வயல் ஓரமா தனியா ஒரு மெஸ் கீது. ஏரி மீன் கொழம்பு. பன்னெண்டரைக்கு ரெடியாய்டும்.” நான் துள்ளிக் குதிக்காத குறை.

12.20க்கு, மேப்பில் இன்னும் ஐந்து நிமிடம் என்று காட்டியபோதே, சேகர் ஊசியை எடுத்தார். “இருங்க, போய்ச் சேர்ந்துட்டுப் போடலாம்” என்றேன். “நீ ரோட்டைப் பாரு லா” என்று எங்கள் ஊர் லாவோடு அதட்டிவிட்டுப் போட்டுக்கொண்டார்.

மெஸ் பூட்டிக் கிடந்தது. அன்றைக்கு முகூர்த்த நாள். “கல்யாணத்துக்குப் போறோம், இன்னிக்கு சாப்பாடு இல்ல” என்று கதவில் சாக்பீஸால் எழுதியிருந்தது. சுற்றிலும் வயல்தான். சர்க்கரை இறங்கினால் கொடுப்பதற்கென்று எப்போதும் வைத்திருக்கும் மிட்டாய் டப்பாவுக்காகக் கைப்பையைக் கவிழ்த்தேன். டப்பா காஞ்சிபுரம் அறையில் மேசைமேல் இருந்தது. வைத்தவள் நான்தான், யாரைத் திட்ட?

ஊரைப் பார்த்து வண்டியைக் கிளப்பினேன். 12.40. சேகர் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்துவிட்டது, கை நடுங்கியது. கொஞ்ச தூரத்தில் ஒரு புங்க மரத்தடியில், களை எடுத்துவிட்டு நாலு பெண்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். வண்டியை நிறுத்திவிட்டு ஓடினேன். “அம்மா, அவருக்குச் சர்க்கரை இறங்கிடுச்சு, ஏதாவது குடுங்க!”

ஒருவர் உடனே எழுந்தார். ஸ்டெல்லா என்று பிறகு தெரிந்துகொண்டேன், முப்பத்தைந்து வயதிருக்கும். தூக்கிலிருந்த கேழ்வரகுக் கூழை டம்ளரில் போட்டு, பம்ப்செட்டில் பிடித்த தண்ணீரை ஊற்றிக் கரைத்து நீட்டினார். என் கை நீளவில்லை. காய்ச்சாத தண்ணீர் கூடவே கூடாது என்று எங்கள் டாக்டர் சொன்னதுதான் மண்டைக்குள் ஓடியது. மூன்று விநாடி இருக்கும்.

ஸ்டெல்லா டம்ளரைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். “தப்பா நெனச்சிக்காதீங்கக்கா. நாங்க காலனிக்காரங்க. எங்க கையால வாங்க சங்கடமா இருந்தா, நேராப் போனா ஊர்த் தெரு வரும், அங்க கேளுங்க, குடுப்பாங்க.”

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. பஸ் எந்தப் பக்கம் நிற்கும் என்று வழி சொல்வதுபோலச் சொன்னார்.

“ஐயோ, அது இல்லம்மா, தண்ணி…” என்று நான் உளறுவதற்குள் சேகர் தள்ளாடியபடி வந்து டம்ளரை வாங்கிவிட்டார். “இருங்கண்ணா, சக்கர ஆளுக்கு மொதல்ல இனிப்பு. எங்க வூட்டுக்காரருக்கும் இதே கததான்” என்று, கூழுக்குக் கடித்துக்கொள்ள வைத்திருந்த வெல்லத்தை ஸ்டெல்லா தன் கையாலேயே அவர் வாயில் போட்டார்.

கால் மணி நேரத்தில் முகம் தெளிந்தது. மனுஷன் கேட்ட முதல் கேள்வி, “இன்னொரு டம்ளர் கிடைக்குமா?” எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நானும் கேட்டு வாங்கிக் குடித்தேன், அதே தண்ணீர்தான். லேசான புளிப்பு, கூடவே கருவாட்டுக் குழம்பு, பச்சை வெங்காயம். “இதைத்தானேம்மா நாலு நாளாத் தேடுறோம், யாருமே சொல்லலையே” என்றேன். “இதப் போய் யாருக்கா சொல்லுவாங்க? வந்தவங்கள கூழ் குடின்னா சிரிக்க மாட்டாங்க?” என்றார். டாக்டர் சொன்னது, தண்ணீர் பயம் எல்லாவற்றையும் விளக்கினேன். “சரிக்கா” என்று மட்டும் சொன்னார். நம்பினாரா என்று தெரியவில்லை. அந்த மூன்று விநாடியை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

நீங்கள் போவதாக இருந்தால்: கிளம்பும் முன் தினசரிக் காலண்டரில் முகூர்த்தம் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் பாதிக் கடை திறக்காது. ஊசி போடுகிறவர்கள் சோற்றைக் கண்ணால் பார்த்த பிறகு போடுங்கள். மிட்டாய் சட்டைப்பையில் இருக்கட்டும். தண்ணீரைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் வாய் திறந்து கேட்டுவிடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பேசாமல் தயங்கி மட்டும் நிற்காதீர்கள். அந்தத் தயக்கத்தை அவர்கள் ஏற்கெனவே நிறையப் பார்த்திருக்கிறார்கள்.

எங்கள் இருவர் வயிற்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

வண்டியை எடுக்கும்போது ஸ்டெல்லா ஜன்னல் பக்கம் குனிந்தார். “அடுத்த தபா வந்தா எங்க வூட்டுக்கே வாங்கக்கா. நல்ல சாப்பாடா பண்ணி வெக்கிறேன். எம் பொண்ணு ஃப்ரைட் ரைஸ் சூப்பரா பண்ணும்.”

போவேன். தட்டை வழித்துச் சாப்பிடுவேன்.